ஸ்வீடன் எம்.பி. ஆல்வா மிர்டால் அந்த எட்டு ஆண்டுகளில் என்ன செய்தார்?

கேட்கப்பட்ட கேள்வி இது: ஆல்வா மிர்டாலை எல்லோரும் நோபல் பரிசு பெற்றவர் என்கிறார்கள், இல்லாவிட்டால் பொருளியல் அறிஞர் குன்னார் மிர்டாலின் மனைவி என்கிறார்கள். 1962 முதல் 1970 வரை அவர் ஸ்வீடன் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்திருக்கிறாரே, அங்கே என்ன செய்தார்? மக்கள் ஓட்டுப் போட்டுத்தான் வந்தாரா?

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடலாம். அன்று ஸ்வீடன் நாடாளுமன்றமான ரிக்ஸ்டாக்கில் இரண்டு அவைகள் இருந்தன. இரண்டாம் அவைக்குத்தான் மக்கள் நேரடியாக வாக்களித்தார்கள். 151 பேர் கொண்ட முதல் அவைக்கு மாவட்ட மன்றங்களும் பெரிய நகரங்களின் மன்றங்களும் ஆள் தேர்ந்தெடுத்து அனுப்பின. பதவிக்காலம் எட்டு ஆண்டு. ஆல்வா சமூக ஜனநாயகக் கட்சியின் சார்பில் வந்து உட்கார்ந்தது இந்த முதல் அவையில். அப்போது அவருக்கு வயது 60. 1970 முடிவோடு அந்த அவையே கலைக்கப்பட்டு, 1971 ஜனவரியில் 350 இடங்கள் கொண்ட ஒரே அவை வந்தது. ஆக, அவருடைய எம்.பி. பதவி தோல்வியாலோ ராஜினாமாவாலோ முடியவில்லை. அவர் இருந்த அவையோடு சேர்ந்து முடிந்தது.

நேரடியாக மக்களிடம் போய் நின்று வென்றவர் இல்லை என்பதால் அவரை ஏதோ அலங்காரத்துக்கு வைத்த உறுப்பினர் என்று நினைத்துவிடக்கூடாது. அந்த எட்டு ஆண்டுகளை மட்டும் தனியாக வெட்டி எடுத்தால் அவர் செய்தது புரியாது என்பது என் கருத்து. அவர் கையில் ஒரு முறை இருந்தது. எதையாவது "நடக்காது" என்று பெரியவர்கள் சொன்னால், "ஏன் நடக்காது? அளந்து பார்த்தீர்களா?" என்று கேட்டு, தானே போய் அளந்துகொண்டு வருவார். இளம் வயதிலேயே பழகிய முறை அது. நாடாளுமன்றத்துக்கு வந்தபோது அதை அணுகுண்டு மேல் பிரயோகித்தார்.

1902-ல் உப்சாலாவில் பிறந்தவர், எஸ்கில்ஸ்டூனா பக்கம் வளர்ந்தார். அப்பா கட்டட வேலை எடுத்துச் செய்தவர், பிறகு விவசாயம் பார்த்தவர், உறுதியான சோஷலிஸ்ட். அம்மாவுக்குக் காசநோய் பற்றிய பயம் அதிகம். ஊரார் கை பட்ட நூலகப் புத்தகங்களை வீட்டுக்குள் விடமாட்டார். படிக்கத் துடித்த பெண்ணுக்கு இது ஒரு கஷ்டம் என்றால், ஊரிலிருந்த மேல்நிலைப்பள்ளி பையன்களுக்கு மட்டுமே என்பது இன்னொரு கஷ்டம். அவர் ஓர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். கடைசியில் அப்பா முயன்று, பெண்களுக்கெனத் தனி வகுப்பு ஏற்பாடாகி, அதில் படித்துத் தேர்வெழுதினார். 1924-ல் ஸ்டாக்ஹோமில் பட்டம் பெற்றார், அதே ஆண்டில் குன்னாரைத் திருமணம் செய்துகொண்டார்.

நாடாளுமன்றத்தோடு அவருக்கு ஏற்பட்ட முதல் உறவு உறுப்பினராக இல்லை, ஒரு குழுவின் செயலாளராக. இதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். 1930-களின் பொருளாதார நெருக்கடியில் ஸ்வீடனிலும் வேலை இல்லை. கல்யாணமான பெண்கள் ஆண்களின் வேலையைப் பறிக்கிறார்கள், அவர்களை வேலையைவிட்டு எடுக்கவேண்டும் என்று நாடாளுமன்றத்தில் தீர்மானங்கள் வந்தன. அரசு ஒரு குழு அமைத்தது. தலைவர் கெர்ஸ்டின் ஹெசெல்கிரென். 1921 தேர்தலில் முதன்முதலாக ரிக்ஸ்டாக்குக்குள் நுழைந்த ஐந்து பெண்களில் ஒருவர், முதல் அவைக்குள் வந்த முதல் பெண். செயலாளர் ஆல்வா.

திருமணமான பெண்கள் எத்தனை பேர், எந்தத் தொழிலில், என்ன கூலிக்கு வேலை செய்கிறார்கள், அவர்களை விலக்கினால் அந்த இடத்துக்கு ஆண்கள் வருவார்களா என்று அந்தக் குழு புள்ளிவிவரத்தோடு இறங்கியது. கேள்வியே தலைகீழாகிவிட்டது. கல்யாணமான பெண் வேலைக்குப் போகலாமா என்று தொடங்கிய விசாரணை, வேலைக்குப் போகும் பெண் கல்யாணம் செய்துகொள்ளவும் பிள்ளை பெறவும் ஏன் முடியவில்லை என்ற இடத்தில் வந்து நின்றது. 1939-ல் சட்டம் வந்தது: நிச்சயதார்த்தம், திருமணம், கர்ப்பம் இவற்றைக் காரணம் காட்டி ஒரு பெண்ணை வேலையிலிருந்து நீக்கக்கூடாது. பெண்களைத் துரத்தச் சொன்ன தீர்மானத்திலிருந்து பெண்களைக் காக்கும் சட்டம் பிறந்தது. ஆல்வா உறுப்பினராவதற்கு 23 ஆண்டுகளுக்கு முன் இது.

அதே காலத்தில் கட்டட வடிவமைப்பாளர் ஸ்வென் மார்கேலியஸோடு சேர்ந்து, ஸ்டாக்ஹோம் குங்ஸ்ஹோல்மனில் 1935-ல் ஒரு கூட்டுக் குடியிருப்பை உருவாக்கினார். கீழே பொதுச் சமையலறையும் குழந்தைகள் காப்பகமும். மேலே ஒவ்வொரு வீட்டுக்கும் சாப்பாடு ஏற்றிவிடச் சின்ன லிஃப்ட். வேலை முடிந்து வரும் பெண் அடுப்படியில் நிற்கவேண்டியதில்லை. 1936-ல் குழந்தைக் கல்வி ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கல்லூரி தொடங்கி, 12 ஆண்டு தலைமை தாங்கினார்.

இந்தக் காலத்தின் இன்னொரு பக்கத்தையும் சொல்லியாகவேண்டும். 1934-ல் ஆல்வாவும் குன்னாரும் சேர்ந்து எழுதிய மக்கள்தொகை நெருக்கடி (அங்கே பிறப்பு குறைந்துகொண்டே போனது) பற்றிய புத்தகம், மகப்பேறு உதவி, குழந்தை நலம், வீட்டு வசதி என்று பின்னால் வந்த பல சீர்திருத்தங்களுக்கு வழி வகுத்தது. அதே புத்தகம், குழந்தை வளர்க்கத் "தகுதியற்றவர்கள்" என்று கருதப்பட்டவர்களுக்குக் கருத்தடை அறுவை செய்வதையும் ஆதரித்தது. 1934, 1941 சட்டங்களின் கீழ் 1970-களின் நடுப்பகுதி வரை ஏறத்தாழ 63,000 பேருக்கு அந்த அறுவை நடந்தது. பெரும்பாலோர் பெண்கள், பலருக்கு அது வற்புறுத்தலால் நடந்தது. 1999-ல்தான் அரசு இழப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தது. மனிதர்களை அளக்கிறவர்கள் எந்த இடத்தில் கையை நிறுத்தவேண்டும் என்பதில் ஆல்வா தவறினார். அவரை மதிக்கிறவர்கள் இதை ஒளிப்பது அவருக்கும் மரியாதை இல்லை, பாதிக்கப்பட்டவர்களுக்கும் மரியாதை இல்லை.

1949-ல், 47 வயதில், கணவரையும் பிள்ளைகளையும் ஜெனீவாவில் விட்டுவிட்டு, நியூயார்க்கில் ஐ.நா.வின் சமூக விவகாரத் துறைத் தலைமைக்குப் போனார். பிறகு பாரிஸில் யுனெஸ்கோ. 1955-ல் டெல்லி. ஸ்வீடன் வெளிநாட்டுக்கு அனுப்பிய முதல் பெண் தூதர் அவர்தான். இந்தியாவோடு பர்மா, இலங்கை, பிறகு நேபாளம் எல்லாம் அவர் பொறுப்பில் இருந்தன. நேருவோடு நல்ல நட்பு. ஆசிய நாடுகளின் வறுமை பற்றிய தன் பெரிய ஆய்வை குன்னார் தொடங்கியதும் அந்த டெல்லி வாசத்தின்போதுதான். தூதராக இருந்த ஆறு ஆண்டுகளில் ஆல்வாவுக்குக் கிடைத்த முக்கியமான சொத்து, அணிசேரா நாடுகள் உலகத்தை எப்படிப் பார்க்கின்றன என்ற உள்ளறிவு. அதுதான் அடுத்த பத்தாண்டுக்குக் கைகொடுத்தது.

1961-ல் ஊர் திரும்பியவரை, வெளியுறவு அமைச்சர் உஸ்தென் உண்டேன் ஒரு வேலைக்குக் கூப்பிட்டார். ஐ.நா.வில் ஆயுதக் குறைப்பு பற்றி ஸ்வீடன் ஒரு திட்டம் வைக்கவேண்டும், அதற்கான விஷயங்களைத் திரட்டித் தாருங்கள் என்றார். ஆல்வாவுக்கு அந்தத் துறையில் அதுவரை அனுபவம் கிடையாது. அணுகுண்டு இல்லாத நாடுகள் தாமாகவே ஒன்றுகூடி, நாங்கள் தயாரிக்கவும் மாட்டோம், எங்கள் மண்ணில் யாரும் வைக்கவும் விடமாட்டோம் என்று உறுதி எடுக்கலாமா என்பதுதான் உண்டேன் திட்டத்தின் சாரம். அங்கிருந்து அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. 1962-ல் எம்.பி. ஆனார், அதே ஆண்டு மார்ச்சில் ஜெனீவாவில் தொடங்கிய 18 நாடுகள் ஆயுதக் குறைப்பு மாநாட்டில் ஸ்வீடன் குழுவின் தலைவரும் ஆனார். பிரான்ஸ் வராததால் உட்கார்ந்தவை 17 நாடுகள்தான். அவற்றில் எட்டு எந்தப் பக்கமும் சேராதவை: இந்தியா, பர்மா, எகிப்து, எத்தியோப்பியா, நைஜீரியா, பிரேசில், மெக்சிகோ, ஸ்வீடன்.

அமெரிக்காவும் சோவியத் யூனியனும் அங்கே ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றன. அணுச் சோதனைக்குத் தடை வேண்டும் என்பதில் இருவருக்கும் வாயளவில் சம்மதம். ஆனால் பூமிக்கடியில் ரகசியமாக வெடித்தால் எப்படித் தெரியும்? நேரில் வந்து பார்க்கவேண்டும் என்றது அமெரிக்கா. அது உளவு பார்க்கும் வேலை என்றது சோவியத். 1963 தொடக்கத்தில் அமெரிக்கா ஆண்டுக்கு ஏழு நேரடிச் சோதனை வேண்டும் என்ற இடத்திலும், சோவியத் இரண்டு மூன்றுக்கு மேல் முடியாது என்ற இடத்திலும் நின்றன. ஏழுக்கும் மூன்றுக்கும் இடையில் உலகம் தொங்கிக்கொண்டிருந்தது.

இங்கேதான் ஆல்வாவின் பழைய கேள்வி மறுபடி வந்தது. தூரத்திலிருந்து கண்டுபிடிக்க முடியாது என்கிறீர்களே, அளந்து பார்த்தீர்களா?

நிலநடுக்கம் என்பது பாறைகள் ஒரு பிளவில் வழுக்குவது. அதனால் ஒரு திசையில் இருக்கும் கருவிக்கு முதல் அதிர்வு தள்ளுவது போலவும், வேறு திசையில் இருக்கும் கருவிக்கு இழுப்பது போலவும் பதிவாகும். குண்டு வெடித்தால் எல்லாத் திசையிலும் ஒரேபோல் வெளிப்பக்கம் தள்ளும். அதோடு, நிலநடுக்கம் பூமியின் மேல்தளத்தில் பெரிய நீண்ட அலைகளை எழுப்பும். அதே அளவு உள் அதிர்வு தரும் வெடிப்பு அப்படி எழுப்பாது. இரண்டையும் ஒப்பிட்டால் பெரும்பாலும் எது எது என்று பிரித்துவிடலாம். ஒரு கருவி போதாது, பல நாடுகளின் கருவிகள் ஒரே அதிர்வை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். ஸ்வீடன் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகளைக் கூடவே அழைத்துவந்து, இந்த விவரங்களையெல்லாம் ஜெனீவா மேசையில் வைத்தார் ஆல்வா. எட்டு நாடுகளும் 1962 ஏப்ரலில் தந்த கூட்டு அறிக்கையின் அடித்தளம் இதுதான்: ஏற்கெனவே உள்ள தேசிய நிலையங்களை இணையுங்கள், ஐயம் வந்தால் விஞ்ஞானிகள் குழு ஆராயட்டும். பின்னால் நாடுகள் நிலநடுக்கப் பதிவுகளைப் பரிமாறிக்கொள்ளும் ஒரு கூட்டமைப்பையும் ஸ்வீடன் முன்மொழிந்தது. சந்தேகத்துக்கு ஆளான நாடு தானே முன்வந்து விளக்கம் தரவேண்டும், மறுத்தால் மற்றவர்கள் ஒப்பந்தத்தைவிட்டு விலகலாம் என்ற யோசனையும் அவர்களுடையதே.

வல்லரசுகள் என்ன செய்தன? 1963 ஆகஸ்டில் தாமே மாஸ்கோவில் பேசி முடித்து, காற்றிலும் கடலிலும் விண்வெளியிலும் மட்டும் சோதனையைத் தடைசெய்தன. பூமிக்கடி திறந்தே கிடந்தது. சோதனைகள் உள்ளே இறங்கின. ஆல்வாவுக்கு இது பெரிய ஏமாற்றம். இருந்தாலும் அவர் விடவில்லை. வார்ம்லாந்துப் பகுதியின் ஹாக்ஃபோர்ஸ் காடுகளுக்குள் 1969-ல் ஸ்வீடன் தன் சொந்த நிலநடுக்கக் கருவித்தொகுதியை நிறுவியது. வேறு யார் கண்டுபிடித்துச் சொல்வார்கள் என்று காத்திருக்கும் நிலை போயிற்று. 1996-ல் முழுத் தடை ஒப்பந்தம் எழுதப்பட்டபோது, உலகெங்கும் கருவிகளை இணைக்கும் கண்காணிப்பு வலை அதன் பாகமானது. அதற்கான தொழில்நுட்ப வேலையை 1976 முதல் செய்த விஞ்ஞானிகள் குழு ஸ்வீடன் முயற்சியால் உருவானது. ஹாக்ஃபோர்ஸும் அந்த வலையில் ஒரு நிலையம்.

உள்நாட்டில் இன்னொரு நெருப்பு இருந்தது. பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும்: ஸ்வீடனே அணுகுண்டு செய்யத் தயாராகிக்கொண்டிருந்த நாடு. 1954-ல் முப்படைத் தலைமை அதை வெளிப்படையாகக் கேட்டது. பிரதமர் தாகே எர்லாண்டரே முதலில் சாய்ந்தது அந்தப் பக்கம்தான். கட்சியின் மகளிர் அமைப்பு, இங்கா தோர்சன் தலைமையில், முடியாது என்று எழுந்து நின்றது. கட்சி இரண்டாகப் பிளக்கும் நிலை. முடிவை ஒத்திவைத்தார்கள், ஒத்திவைத்த காலத்துக்குள் ஜெனீவா வேலை வளர்ந்தது. வெளியே மற்ற நாடுகளிடம் குண்டு வேண்டாம் என்று ஒரு எம்.பி. வாரம்தோறும் வாதாடும்போது, உள்ளே அதே நாடு குண்டு செய்வது நாளுக்கு நாள் கடினமாயிற்று. 1968-ல் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் ஸ்வீடன் கையெழுத்திட்டது, 1970-ல் உறுதிசெய்தது. உண்டேனும் மகளிர் அமைப்பும் போட்ட அடித்தளத்தின் மேல் எழுந்த முடிவு இது. ஆல்வா தனியாகச் சாதித்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த முடிவு திரும்பமுடியாததாக ஆனதில் அவருடைய பங்கு பெரிது.

அந்த ஒப்பந்தத்தில் அவருக்கு முழுத் திருப்தி இல்லை. இல்லாதவர்கள் செய்யக்கூடாது, இருப்பவர்கள் வைத்துக்கொள்ளலாம் என்ற சாய்வு அவர் கண்ணை உறுத்தியது. இந்தியா அதே காரணத்தைச் சொல்லி கையெழுத்திடவே மறுத்தது. ஸ்வீடன் கையெழுத்திட்டது, ஆனால் வல்லரசுகளும் ஆயுதத்தைக் குறைக்கவேண்டும் என்ற கடமை ஒப்பந்தத்தில் எழுதப்படவும், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அதைக் கேள்வி கேட்கும் மாநாடு கூடவும் வற்புறுத்தியது. ஒரே குறையைப் பார்த்த இரண்டு நண்பர்கள் இரண்டு வழியில் போனார்கள்.

அவர் திறமையை ஒரே காட்சியில் பார்க்கவேண்டுமென்றால் 1969 டிசம்பரைச் சொல்வேன். வியட்நாமில் அமெரிக்கா கண்ணீர்ப்புகையையும் இலையுதிர்க்கும் ரசாயனங்களையும் பயன்படுத்திக்கொண்டிருந்தது. 1925-ன் ஜெனீவா நெறிமுறை போரில் நச்சு வாயுவைத் தடைசெய்கிறது. இவை நச்சு இல்லை, அதனால் தடையில் சேரா என்பது வாஷிங்டனின் வாதம். அதிகக் கேடு, குறைந்த கேடு என்று போர்க்களத்தில் கோடு போட ஆரம்பித்தால் தடையே கரைந்துபோகும், எல்லா ரசாயனமும் எல்லா உயிரியல் பொருளும் தடைக்குள் வரவேண்டும் என்பது ஸ்வீடனின் வாதம். ஸ்வீடன் முன்னின்று கொண்டுவந்த தீர்மானம் ஐ.நா. பொதுச்சபையில் 80 ஓட்டுகளோடு நிறைவேறியது. எதிர்த்தவை மூன்றே மூன்று: அமெரிக்கா, ஆஸ்திரேலியா, போர்ச்சுகல். 36 நாடுகள் ஒதுங்கிக்கொண்டன.

இந்த எட்டு ஆண்டுக்குள்தான் ஸ்டாக்ஹோம் சர்வதேச அமைதி ஆராய்ச்சி நிறுவனமும் பிறந்தது. 1814-க்குப் பிறகு ஸ்வீடன் போருக்கே போகவில்லை. 150 ஆண்டு அமைதியைக் கொண்டாட என்ன செய்யலாம் என்ற பேச்சு 1964-ல் வந்தது. சிலை வைக்காமல் ஓர் ஆராய்ச்சி நிறுவனம் வைக்கலாம் என்று முடிவாகி, அதற்கான குழுவுக்கு ஆல்வா தலைவரானார். 1966 ஜூலையில் நிறுவனம் தொடங்கியது. பணம் ஸ்வீடன் நாடாளுமன்றம் தரும், ஆனால் ஆய்வில் அரசு தலையிடாது. முதல் இயக்குநரே ஒரு பிரிட்டிஷ்காரர். எந்த நாடு ராணுவத்துக்கு எவ்வளவு செலவழிக்கிறது, யார் யாருக்கு ஆயுதம் விற்கிறார்கள் என்று இன்று நம் செய்தித்தாள்களில் வரும் புள்ளிவிவரங்களில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. ஜெனீவாவில் வல்லரசுகளின் எண்களை மட்டும் நம்பி வாதாடிய கஷ்டம் அவருக்குத் தெரியும்; இனி வருபவர்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லாமல் செய்தார்.

அறுபதுகளின் பிற்பகுதியில் தனித்துறை இல்லாத அமைச்சராகவும் ஆனார். ஆயுதக் குறைப்போடு தேவாலய விவகாரமும் அவரிடம் வந்தது. அரசையும் தேவாலயத்தையும் பிரிப்பது பற்றி அவர் குழு தந்த யோசனையை அன்று அரசு ஒதுக்கிவைத்தது, 2000-ல்தான் பிரிவு நடந்தது. கட்சியும் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் சேர்ந்து அமைத்த சமத்துவக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். அதன் அறிக்கை 1969 கட்சி மாநாட்டில் வைக்கப்பட்டது. அதே மாநாட்டில்தான் எர்லாண்டருக்குப் பின் ஓலோஃப் பால்மே கட்சித் தலைவரானார். கணவன் வருமானத்தோடு மனைவி வருமானத்தைச் சேர்த்து வரி போடும் முறை 1971-ல் ஒழிந்ததற்குப் பின்னால் இப்படிப்பட்ட பல ஆண்டு வாதங்கள் இருந்தன.

1973-ல், 71 வயதில், அமைச்சர் பதவியையும் ஜெனீவாவையும் விட்டார். வல்லரசுகள் ஆயுதக் குறைப்பு பேசுவதாக நடிக்கின்றன என்று, அங்கே உட்கார்ந்து பார்த்த கோபத்தோடு 1976-ல் ஒரு புத்தகம் எழுதினார். 1981-ல் அவருக்கும் குன்னாருக்கும் சேர்த்து இந்தியா நேரு விருது தந்தது. அந்த ஆண்டு நோபல் கிடைக்காதபோது நார்வே மக்கள் தாமாகவே பணம் திரட்டி ஒரு மக்கள் அமைதிப் பரிசைக் கொடுத்தார்கள். 1982-ல் நோபலே வந்தது. பகிர்ந்துகொண்டவர் மெக்சிகோவின் அல்ஃபோன்ஸோ கார்சியா ரோப்லஸ், அதே ஜெனீவா மேசையில் அணிசேரா வரிசையில் அமர்ந்திருந்த தோழர். 1986 பிப்ரவரி 1-ல், 84-வது பிறந்தநாளுக்கு மறுநாள், ஆல்வா காலமானார்.

ஜெனீவாவில் அவர் விட்ட பொறுப்பு இங்கா தோர்சனிடம் போனது. 1950-களில் கட்சிக்குள் நின்று ஸ்வீடன் குண்டை எதிர்த்த அதே தோர்சன். அவருக்குப் பிறகு 1982 முதல் 1991 வரை மாய் பிரிட் தெயோரின். மூவரும் ரிக்ஸ்டாக்கில் இருந்தவர்கள், மூவரும் பெண்கள். ஏறத்தாழ 30 ஆண்டு ஸ்வீடனின் ஆயுதக் குறைப்பு நாற்காலி அவர்களிடமே இருந்தது.